முட்டை ஒரு தீவில், சாப்பாடு எந்தக் கடலில்?

ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை என்றாலே எல்லாரும் முதலில் சொல்வது அதன் இறக்கையைப் பற்றித்தான். சரி, நானும் சொல்லிவிடுகிறேன்: வாண்டரிங் ஆல்பட்ராஸ் இறக்கை விரித்தால் மூன்று மீட்டரைத் தாண்டும், சிலவற்றுக்கு மூன்றரை மீட்டர் வரை வரும், இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் இவ்வளவு அகலம் வேறு எதற்கும் கிடையாது. ஆனால் இந்தப் பறவையைப் பற்றி வருடக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுவது இன்னொன்று. முட்டையும் குஞ்சும் தீவில் இருக்கும் காலத்தில் அது எங்கே போய் இரை தேடுகிறது? அந்தப் பறவை பிழைக்குமா அழியுமா என்பதையே தீர்மானிக்கிற கேள்வி இது. கூட்டைக் காப்பாற்றிவிட்டோம், தீவைச் சரணாலயம் ஆக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாததற்கும் காரணம் இதுதான்.

இடத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், தெற்கு அட்சரேகை 46 டிகிரியை ஒட்டி, பிரான்சுக்குச் சொந்தமான குரோசே தீவுகள் இருக்கின்றன. மரம் கிடையாது. புல், பாசி, சேறு, அப்புறம் ஓயாத மேற்குக் காற்று. இங்கே வாண்டரிங் ஆல்பட்ராஸ் டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் ஒரே ஒரு முட்டை இடும். ஒன்றுதான். அது உடைந்தால் அந்தப் பருவம் அதோடு போயிற்று. முட்டை பொரிக்கப் பதினொரு வாரம், அதன் பிறகு குஞ்சு பறந்து போக ஏறக்குறைய ஒன்பது மாதம். ஆக ஒரு குஞ்சை ஆளாக்க ஒரு வருடம் முழுக்கப் போய்விடுவதால், குஞ்சை நல்லபடியாக வளர்த்து முடித்த ஜோடி அடுத்த வருடம் முட்டையிடாமல் கடலிலேயே இருந்துவிடும்.

அடைகாக்கும் வேலையை ஆணும் பெண்ணும் மாறி மாறிச் செய்யும். ஒன்று முட்டைமேல் உட்கார்ந்திருக்கும், மற்றது கடலுக்குப் போயிருக்கும். உட்கார்ந்திருக்கிற பறவைக்கு யாரும் சாப்பாடு கொண்டுவந்து தருவதில்லை. பத்து நாளோ, இரண்டு வாரமோ, சில சமயம் அதற்கு மேலுமோ, துணை திரும்பும்வரை அது மழையிலும் காற்றிலும் பட்டினியாகவே உட்கார்ந்திருக்கும், நாளுக்கு நாள் எடை குறைந்துகொண்டே போகும். உடம்பில் இருக்கும் கொழுப்பு தீர்கிற கட்டம் வந்தால் வேறு வழியில்லை, முட்டையை விட்டுவிட்டு எழுந்து போய்விடும். கடலுக்குப் போன துணை எத்தனை நாளில் இரையைக் கண்டுபிடிக்கிறது என்பதில்தான் அந்த முட்டையின் உயிர் இருக்கிறது.

அப்படிப் போன துணை எங்கே போகிறது என்று 1989 வரை யாருக்கும் தெரியாது. கப்பலில் போகிறவர்கள் நடுக்கடலில் ஆல்பட்ராஸைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்; அது எந்தத் தீவுப் பறவை, கூட்டில் முட்டையை விட்டு வந்ததா, சும்மா திரிகிறதா என்று கப்பல் மேல்தளத்தில் நின்றபடி எப்படிச் சொல்ல முடியும்? அந்த வருடம் பியேர் ஜுவந்தேன், ஆன்ரி வைமர்ஸ்கிர்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் குரோசேயில் அடைகாத்துக்கொண்டிருந்த ஆல்பட்ராஸ்களின் முதுகில் செயற்கைக்கோளுடன் பேசும் கருவியைப் பொருத்தி அனுப்பினார்கள். 1990-ல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. ஒரே ஒரு இரை தேடும் பயணத்தில் இந்தப் பறவைகள் 3,600 கிலோமீட்டரிலிருந்து 15,000 கிலோமீட்டர் வரை பறந்திருந்தன. ஒரு நாளில் 900 கிலோமீட்டர் வரை, வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை. வலசைக் கணக்கு இல்லை இது, முட்டையைத் துணையிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்த கணக்கு. எத்தனை தடவை படித்தாலும் இந்த வரியில் நான் சற்று நின்றுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

இவ்வளவு தூரம் எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்டால், பதில் காற்று. கடல்மட்டத்தை ஒட்டிக் காற்று மெதுவாக வீசும், பத்துப் பதினைந்து மீட்டர் மேலே வேகமாக வீசும். ஆல்பட்ராஸ் காற்றை எதிர்த்து மேலே ஏறும், உச்சியில் திரும்பும், காற்றோடு சரிந்து அலைமேடு வரை இறங்கும், மறுபடி ஏறும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வேக வித்தியாசத்திலிருந்து தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்ளும். இறக்கையை விரித்தபடி பிடித்துக்கொள்ளத் தோளில் ஒரு பூட்டு மாதிரியான தசைநாண் இருப்பதால் தசைக்கும் வேலை மிகக் குறைவு. பறக்கும்போது இதயத் துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். காற்று பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்தால், கூட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் துடிப்புக்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது. உண்மையில் செலவு பிடிப்பது தண்ணீரில் இறங்குவதும் அங்கிருந்து மறுபடி எழும்புவதும்தான். அதனால் அது போகும் பாதை நேர்கோடாக இருப்பதில்லை, காற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய வளையம் போட்டுத் திரும்பி வரும். எதிர்க்காற்றில் குறுக்குவழி பிடிப்பதைவிட நல்ல காற்றில் ஆயிரம் கிலோமீட்டர் சுற்றி வருவது அதற்கு மலிவு.

ஆனால் வருடம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது, இங்கேதான் விஷயமே சுவாரசியமாகிறது. மார்ச் மாதம் முட்டை பொரிந்ததும் அந்த வரைபடம் அப்படியே சுருங்கிவிடுகிறது. பொரிந்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது, ஒரு மாதம் போல யாராவது ஒருவர் அணைத்தபடி இருக்க வேண்டும், அதோடு அதற்கு அடிக்கடி சாப்பாடும் வேண்டும். இரண்டு வாரம் காணாமல் போகிற பழக்கம் இப்போது உதவாது. அதனால் பெற்றோர் இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடுகின்றன, பக்கத்துக் கடைக்குப் போய் வருவது மாதிரி. போகிற இடமும் வேறு. தீவைச் சுற்றிக் கடலடியில் ஆழம் குறைந்த ஒரு மேடை இருக்கிறது, அதன் விளிம்பில் ஆழம் சட்டென்று இறங்கும். அந்தச் சரிவில் நீரோட்டம் மோதி அடியிலிருக்கும் சத்தை மேலே கொண்டுவரும், மீனும் ஊசிக் கணவாயும் அங்கே கூடும். இரை எங்கே கிடைக்கும் என்பது ஓரளவு நிச்சயம். அதே காரணத்தால் அங்கே கூட்டமும் அதிகம். இதே நேரத்தில் குஞ்சு பொரித்த மற்ற எல்லாப் பெற்றோரும் அங்கேதான் வந்து நிற்கும்.

அப்புறம் குஞ்சு கொஞ்சம் தேறியதும் இரண்டு பெற்றோரும் சேர்ந்தே கடலுக்குப் போய்விடும். குஞ்சு தென்னரைக்கோளத்துக் குளிர்காலம் முழுக்க, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று, தன் மண்மேட்டுக் கூட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும். பனி பெய்தால் பனிக்குள்ளேயே இருக்கும். இந்தக் காலத்தில் பெற்றோரின் பயணம் கலவையாகிறது: சில நாளில் முடியும் குட்டிப் பயணங்கள், நடுவில் ஒரு நெடும்பயணம், மறுபடி குட்டிப் பயணங்கள். பல ஆல்பட்ராஸ் இனங்களிலும், அதன் உறவான பெட்ரல் கடற்பறவை இனங்களிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் பிடிப்பதைக் குஞ்சுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பெற்றோருக்கு எடை இறங்கும், தூரக்கடலுக்குப் போனால்தான் தனக்கும் சேர்த்துச் சாப்பிட்டு எடையை மீட்க முடியும் என்பது வைமர்ஸ்கிர்ஷ் போன்றவர்கள் சொல்லும் விளக்கம். எனக்கு இது நூற்றுக்கு நூறு பொருந்துவதாகத் தெரிகிறது. ஐம்பது வருடம்கூட வாழக்கூடிய ஒரு பறவை ஒரு குஞ்சுக்காகத் தன்னை முழுக்கத் தீர்த்துக்கொள்ள முடியாது.

திரும்பி வந்து ஊட்டும் காட்சியை வீடியோக்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். பெற்றோர் தரையில் இறங்கித் தடுமாறி ஓடி நின்று, கனமான நடையோடு கூட்டுக்கு வரும். குஞ்சு அதன் அலகைத் தட்டித் தட்டிக் கேட்கும். பெரியது குனிந்து வாயைத் திறக்க, குஞ்சு தன் அலகைக் குறுக்காக அதற்குள் கொடுக்கும், பாதி செரித்த கணவாயும் மீனும், கூடவே எண்ணெயும் நேராக அதன் வாய்க்குள் இறங்கும். அந்த எண்ணெய் முக்கியம். பிடித்த இரையிலுள்ள கொழுப்பை வயிற்றிலேயே பிரித்துச் சேர்த்து வைத்திருக்கும், நீர்ப்பகுதி போய்விடுவதால் சுமை குறைவு, சக்தி அதிகம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சாப்பாடு கொண்டுவர வேண்டிய பறவைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

சரி, அவ்வளவு பெரிய கடலில் இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாதிக்குப் பாதி மூக்கால். காப்ரியேல் நெவிட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் வைமர்ஸ்கிர்ஷும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட ஆய்வு இது. பறவையின் முதுகில் ஜி.பி.எஸ்., வயிற்றுக்குள் வெப்பமானி. குளிர்ந்த கடல் இரையை விழுங்கினால் வயிற்றின் வெப்பம் சட்டென்று இறங்கும், அந்த நொடியை ஜி.பி.எஸ். பாதையில் குறித்துவிட்டால், இரைக்குச் சற்று முன்பு பறவை எப்படிப் பறந்தது என்று பின்னோக்கிப் பார்க்கலாம். ஏறக்குறைய பாதி இரைகளுக்கு முன்னால் அது காற்றுக்கு எதிராகத் திரும்பியிருந்தது, அல்லது வாசனையின் இழையைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து முன்னேறியிருந்தது. பல கிலோமீட்டர் தள்ளி மிதக்கிற செத்த கணவாயின் வாசனை காற்றில் வந்திருக்கிறது. இரவில் இன்னொரு வழி: தண்ணீரில் உட்கார்ந்து மிதந்தபடி, மேலே வரும் கணவாய்க்காகக் காத்திருப்பது.

ஆணும் பெண்ணும் ஒரே கடலுக்குப் போவதில்லை. இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிற பகுதி. ஆண் பெரியது, கனமானது, பலமான காற்று அதற்குத் தோது, அதனால் அது பெரும்பாலும் தெற்கே, அண்டார்டிகா பக்கத்துக் குளிர்ந்த நீருக்குப் போகும். முப்பது வயது தாண்டிய கிழட்டு ஆண்கள் இன்னும் தெற்கே ஆளில்லாத அண்டார்டிகக் கடல்வரை போவதாக 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. பெண் வடக்கே, வெதுவெதுப்பான துணைவெப்பமண்டலக் கடலுக்கு வரும். அந்த வடக்குக் கடலில்தான் சூரை மீனுக்காக லாங்லைன் கப்பல்கள் வேலை செய்கின்றன. பல பத்து கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கயிறு, அதிலிருந்து தொங்கும் ஆயிரக்கணக்கான தூண்டில் முள், ஒவ்வொன்றிலும் கணவாயோ மீனோ இரையாகக் கோத்திருக்கும். கயிற்றைக் கப்பலின் பின்னாலிருந்து இறக்கும்போது அது மூழ்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பறவை வந்து இரையைக் கவ்வும், முள் மாட்டும், கயிற்றின் பாரம் அதைத் தண்ணீருக்கடியில் இழுத்துக்கொண்டு போய்விடும். முப்பது கிலோமீட்டர் தூரத்திலிருந்தே ஆல்பட்ராஸ் ஒரு கப்பலைக் கவனித்துத் திசை திரும்புகிறது என்று குரோசே பறவைகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே கப்பல் பறவையைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பெண்கள் இப்படி அதிகமாகச் சாகும்போது என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். குரோசேயில் அதன் துணை பட்டினியாக உட்கார்ந்திருக்கிறது. பத்து நாள், பதினைந்து நாள், இருபது நாள். ஒரு கட்டத்தில் எழுந்து போகிறது. ஒரு முள்ளில் செத்தது ஒரு பறவை, போனது முட்டையும் சேர்த்து. ஆல்பட்ராஸ் புதுத்துணை தேடிக்கொள்ளவும் வருடக்கணக்காகும், அதுவும் பெண்கள் குறைந்துபோன கூட்டத்தில் ஆணுக்கு இன்னும் கஷ்டம்.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வரைபடத்தில் கன்னியாகுமரியில் விரலை வைத்து, இம்மியும் விலகாமல் நேர் தெற்கே இழுத்துக்கொண்டே போனால், ஐயாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனதும் விரல் ஆம்ஸ்டர்டாம் தீவில் இடிக்கும். இரண்டும் ஒரே தீர்க்கரேகை, கிழக்கு எழுபத்தேழரை டிகிரி. அந்தத் தீவின் ஒரு மேட்டு நிலத்தில் மட்டுமே, உலகத்தில் வேறெங்கும் இல்லாமல், ஆம்ஸ்டர்டாம் ஆல்பட்ராஸ் முட்டையிடுகிறது. 1983-ல்தான் அதைத் தனி இனமாக அறிவித்தார்கள். அப்போது வருடத்துக்கு ஒருசில ஜோடிகளே முட்டையிட்டுக்கொண்டிருந்தன. இன்று நிலைமை தேறியிருக்கிறது, ஆனாலும் குஞ்சு குருமான் எல்லாம் சேர்த்து மொத்தம் சில நூறைத் தாண்டாது. அடைகாக்கும் காலத்தில் அவை தீவிலிருந்து ஈராயிரம் கிலோமீட்டர் வரை போய் இரை தேடுகின்றன, அந்த வட்டத்துக்குள் சூரை லாங்லைன் கப்பல்களும் வருகின்றன. வருடத்துக்கு ஐந்தாறு பறவைகள் கூடுதலாகச் செத்தாலே இந்த இனத்தை அழிவுக்குத் தள்ளிவிடும் என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாறு! ஒரு கப்பலின் ஒரு மோசமான இரவுக்குள் அடங்குகிற எண்ணிக்கை.

தூண்டில் மட்டும் இல்லை. பசிபிக்கில் ஹவாய்த் தீவுச் சங்கிலியில் லேசான் ஆல்பட்ராஸ் இருக்கிறது. அங்கும் கதை இதேதான்: அடைகாக்கும்போது வடக்கே அலாஸ்கா திசையில் நெடுந்தூரம், குஞ்சு பொரித்த சில வாரங்கள் தீவை ஒட்டி, பிறகு மறுபடி வடக்கே. 2009-ல் ஒரு குழு, சங்கிலியின் மேற்கு முனையிலிருக்கும் குரே பவளத்தீவின் குஞ்சுகளையும் கிழக்கே ஓவாஹு தீவின் குஞ்சுகளையும் ஒப்பிட்டது. ஆல்பட்ராஸ் குஞ்சு, பறக்கத் தொடங்குவதற்கு முன்னால் செரிக்காததையெல்லாம் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டையைப் பிரித்தால் கணவாயின் அலகு எத்தனை, பிளாஸ்டிக் எத்தனை என்று எண்ணிவிடலாம். குரே குஞ்சுகளுக்கு ஓவாஹு குஞ்சுகளைவிட ஏறக்குறைய பத்து மடங்கு பிளாஸ்டிக் ஊட்டப்பட்டிருந்தது. ஒரே இனம், ஒரே மாதிரி இரை தேடும் பழக்கம். குரே பெற்றோர் போகிற கடல் ஜப்பான் பக்கம், மேற்குப் பசிபிக்கின் குப்பைத்திரள் மிதக்கும் பகுதியோடு ஒட்டியது, அவ்வளவுதான் வித்தியாசம். பறக்கும் மீன்கள் மிதக்கிற பொருள்களில் கொத்தாக முட்டையை ஒட்டிவைக்கும், ஆல்பட்ராஸுக்கு அது பிடித்த உணவு, பிளாஸ்டிக் துண்டும் அதோடு சேர்ந்து உள்ளே போகிறது. பெற்றோர் ஏமாளி என்று சொல்வதில் எனக்கு உடன்பாடே இல்லை. லட்சக்கணக்கான வருடங்களாக மிதப்பதெல்லாம் உணவாக இருந்த கடல் அது.

காற்றும் மாறிக்கொண்டிருக்கிறது. குரோசே பறவைகளின் இருபது வருடப் பதிவுகளை வைத்து 2012-ல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. தென்கடலின் மேற்குக் காற்று பலமாகியிருக்கிறது, துருவம் நோக்கி நகர்ந்திருக்கிறது, அதனால் ஆல்பட்ராஸ்கள் வேகமாகப் போய் வேகமாகத் திரும்புகின்றன, பயணம் குறுகி அடைகாப்பில் தோல்வி குறைந்திருக்கிறது, பறவைகள் ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடியிருக்கின்றன. கேட்க நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வாளர்களே சொன்னது, காற்று இன்னும் தெற்கே நகர்ந்துகொண்டே போனால் இந்த லாபம் நிலைக்காது என்பதும்தான். தீவு நகராதே.

இவ்வளவுக்கும் நடுவில் நம்பிக்கை தந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். 2018 கடைசியிலிருந்து ஆறு மாதம், குரோசே, கெர்கெலென், ஆம்ஸ்டர்டாம் தீவுகளிலிருந்து 169 ஆல்பட்ராஸ்களின் முதுகில் கப்பல் ரேடாரை உணரும் சின்னக் கருவியைக் கட்டி அனுப்பினார்கள். எந்தக் கப்பலும் ரேடார் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து, ஆனால் தான் இருக்கும் இடத்தை ஊருக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியை அணைத்துவைத்துவிட்டு ஓட்டலாம். பறவைகள் கண்டுபிடித்த கப்பல்களில் நாலில் ஒன்றுக்கு மேல், சர்வதேசக் கடலில் மூன்றில் ஒன்றுக்கு மேல், ஏ.ஐ.எஸ். இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. குஞ்சுக்குச் சாப்பாடு தேடப் போன பறவை, வழியில் ஒளிந்திருந்த கப்பலையும் காட்டிக்கொடுத்திருக்கிறது!

தடுக்கும் வழிகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவையும் இல்லை. இரவில் கயிறு இறக்குவது, முள்ளுக்குப் பக்கத்தில் பாரம் கட்டிச் சீக்கிரம் மூழ்கவைப்பது, கப்பலுக்குப் பின்னால் வண்ண நாடாக்கள் தொங்கும் கயிற்றைக் கட்டிப் பறவைகளை விரட்டுவது. தெற்கு 25 டிகிரிக்குக் கீழே போகும் லாங்லைன் கப்பல் இந்த மூன்றில் இரண்டையாவது செய்தாக வேண்டும் என்று இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2012-ல் விதி கொண்டுவந்தது. என்னைக் கேட்டால் மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும், ஒவ்வொரு கப்பலிலும் கேமரா வைக்க வேண்டும். நள்ளிரவில் நடுக்கடலில் கயிறு எப்போது இறங்கியது என்று யார் போய்ப் பார்ப்பது?

இது நடக்கக்கூடிய காரியம் என்பதற்குத் தெற்கு ஜார்ஜியாவே சாட்சி. அட்லாண்டிக்கின் தென்கோடியில் இருக்கும் அந்தத் தீவைச் சுற்றி 1990-களில் டூத்ஃபிஷ் என்ற ஆழ்கடல் மீனைப் பிடிக்கும் லாங்லைன்களில் பருவத்துக்கு ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள் செத்தன. பெரும்பாலான பறவைகள் கூட்டில் இருக்கும் கோடை மாதங்களில் மீன்பிடிப்பை மூடினார்கள், இரவு விதியையும் பார விதியையும் கண்டிப்பாக நடத்தினார்கள், சில வருடங்களில் சாவு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அப்படியும் அங்கே வாண்டரிங் ஆல்பட்ராஸ் கூடுகள் 1960-களில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன, ஏனென்றால் அந்தப் பறவைகள் முட்டையை விட்டுச் சாப்பிடப் போவது அர்ஜென்டினா, உருகுவே, பிரேசில் பக்கத்துக் கடலுக்கும் சேர்த்து, தெற்கு ஜார்ஜியாவின் விதி அங்கே செல்லாது.